பழைய வீட்டுக்குப் புதுக் கதவு

சித்தூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய வீடு. தடித்த சுவர். தாழ்ந்த வாசல். இப்படி ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடே அப்படி இருக்கலாம்.

அந்த வீட்டில் வயதான ஓர் அம்மா இருக்கிறார். கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டது. இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கிறார். அவருடைய அறைக்கு இரட்டைக் கதவு. ஒரு பலகையின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. அதைத் திறக்க முடியவில்லை. மற்றொரு பலகை மட்டும் திறக்கும். அந்த இடைவெளி ஓரடிக்குச் சற்று மேல். வாக்கர் எப்படி நுழையும்? மருமகள் கைத்தாங்கலாகப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, அவரை வெளியே கொண்டு வருகிறாள். இரவில் இரண்டு முறை. மூன்று முறை.

மகன் திருப்பதிக்குப் போனான். கடையில் அழகான ஒற்றைக் கதவு ஒன்றைப் பார்த்தான். பணம் கொடுத்தான். ஆட்டோவில் கட்டிக் கொண்டு வந்தான். வாசலில் நிறுத்திப் பார்த்தான்.

கதவு வாசலை விட 10 அங்குலம் உயரம்!

கடைக்காரரைக் கேட்டால், "இது எல்லா வீட்டுக்கும் போகிற அளவுதானே?" என்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. புது வீடுகளுக்கு அது போகும். ஆனால் இந்த வீடு புது வீடு இல்லையே!

மகன் செய்த தவறு ஒன்றுதான். வாசலை அளக்காமல் கதவை வாங்கினான்.

ஏன் பழைய வாசல்கள் ஒன்றுபோல் இல்லை?

முதலில் ஒரு சொல். கதவு மாட்டும் மரச்சட்டத்தை நம் பக்கத்தில் வாசக்கால் என்கிறோம். தெற்கே போனால் நிலை என்பார்கள். தெலுங்கில் த்வாரபந்தம். கீழே குறுக்கே கிடக்கும் படியை நாம் வாசற்படி என்போம். தெலுங்கர் கடப என்பார்கள். நம் ஊர் ஆசாரிகள் பலருக்கு இரண்டு மொழியும் வரும். ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். ஆகவே எல்லாச் சொல்லும் தெரிந்திருப்பது நல்லது. (1911 வரை சித்தூர், திருப்பதி எல்லாம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் மாவட்டம் பிறந்தது அந்த ஆண்டில்தான். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது.)

அந்தக் காலத்தில் கடையில் கதவு விற்கவில்லை. வீட்டுக்காரர், கொத்தனார், ஆசாரி மூவரும் நின்று பேசுவார்கள். கையில் இருக்கும் மரம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். மனையடிக் கணக்கும் பார்ப்பார்கள். அப்புறம் அந்த வாசலுக்கு ஓர் அளவு முடிவாகும். அதே வீட்டில் அடுத்த அறைக்கு வேறு அளவு. தெருவாசல் பெரிது. நெல் போடும் அறையின் வாசல் சிறிது. உள்ளே போகக் குனிய வேண்டும். சிறிய வாசல் என்றால் வெயில் குறைவாக வரும். திருடனுக்கும் எளிதல்ல. மரமும் மிச்சம்.

இன்று தொழிற்சாலையில் கதவு செய்கிறார்கள். ஒரே அளவில் ஆயிரம் செய்தால்தான் அவர்களுக்குக் கட்டும். அதனால் சில அளவுகள் மட்டுமே கடையில் கிடைக்கும். 7 அடி உயரம், 3 அடி அகலம் ஓர் அளவு. ஆறே முக்கால் அடிக்கு 3 அடி இன்னோர் அளவு. ஆறரை அடிக்கு இரண்டரை அடி மற்றோர் அளவு. அந்த மகன் வாங்கியது இந்தக் கடைசி அளவுதான். அங்குலத்தில் சொன்னால் 78க்கு 30.

"10 அங்குலம்தானே அதிகம்? அறுத்துவிட்டால் போயிற்று" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். வேண்டாம். அறுக்காதீர்கள்.

ஏன் என்று கேளுங்கள். ஒட்டுப்பலகைக் கதவின் உள்ளே ஓரங்களில் மட்டும் நல்ல மரச்சட்டம் இருக்கும். நடுவில் துண்டு மரங்களை அடுக்கி நிரப்பியிருப்பார்கள். மேலே மெல்லிய பலகை ஒட்டியிருக்கும். ஓரத்தில் கொஞ்சம் இழைக்கலாம். அரை அங்குலம் வரை பயமில்லை. 10 அங்குலம் அறுத்தால் கீழ்ச்சட்டமே போய்விடும். உள்ளே இருக்கும் துண்டுகள் வெளியே தெரியும். தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். பூட்டு வைக்கும் கட்டையும் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்காது.

சட்டமும் பலகையும் சேர்த்துச் செய்த மரக்கதவு என்றால்? அதற்கும் இதே கதிதான். கீழ்ச்சட்டத்தின் நாக்கு, பக்கச் சட்டத்தின் துளைக்குள் நுழைந்து பிடித்திருக்கும். அந்தப் பிடிப்பில்தான் கதவே நிற்கிறது. கீழ்ப்பகுதியை அறுத்தால் பிடிப்பு போகும். ஆறு மாதத்தில் கதவு ஆடத் தொடங்கும்.

சுவரை இடிக்கலாமா?

கதவை அறுக்கக் கூடாது என்றால், வாசலை உயர்த்தலாமே என்று தோன்றும். "மேலே 10 அங்குலம் இடித்தால் போதும்" என்று யாராவது சுத்தியலோடு வருவார்கள்.

நில்லுங்கள். மேலே பாருங்கள்.

பழைய வீட்டில் வாசக்காலுக்கு மேலே ஒரு மரக்கட்டை குறுக்கே கிடக்கும். மேல்கட்டை என்று சொல்லலாம். சில வீடுகளில் கல் கிடக்கும். அதற்கு மேலே உள்ள சுவர் முழுவதும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சில வீடுகளில் கூரையின் உத்திரமும் அங்கேதான் வந்து தங்குகிறது. மண் வைத்துக் கட்டிய சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டையை உருவினால் மண் சரியும். கல் விழும். உள்ளே நிற்கும் ஆளின் தலையில்தான் விழும்.

சந்திரகிரிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருப்பதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அங்கே விஜயநகர அரசர் காலத்து ராஜமஹால் இருக்கிறது. இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கல், செங்கல், சுண்ணாம்பு இவற்றால் கட்டினார்கள். கட்டுமானத்தில் மரமே இல்லை என்று சொல்வார்கள். பாரத்தை வளைவுகள் தாங்குகின்றன. ஆனால் அது அரசர் வீடு. நம் வீடுகளில் வளைவு இல்லை. பாரத்தை மரம்தான் தாங்குகிறது. மரத்தில் கை வைக்கும் முன் அது எதைத் தாங்குகிறது என்று தெரிய வேண்டும்.

வாசலை உயர்த்தியே ஆக வேண்டிய வீடும் உண்டு. அப்போது அனுபவமுள்ள கொத்தனாரை அழையுங்கள். முடிந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரும் பார்க்கட்டும். முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். உத்திரத்துக்குக் கீழே கம்பம் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் கட்டையைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரச் சுவர் வலுவில்லாத சுவர்.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். நேற்று வரை நன்றாகச் சாத்திய கதவு இன்று ஒரு மூலையில் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கதவை இழைக்காதீர்கள். வாசலின் மேல் மூலைகளைப் பாருங்கள். சாய்வாக விரிசல் ஓடுகிறதா? மேல்கட்டை நடுவில் தொங்குகிறதா? அப்படி என்றால் கோளாறு கதவில் இல்லை. சுவர் இறங்குகிறது. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மேஸ்திரி வந்தார்

நம் கதைக்கு வருவோம். வாங்கிய கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. மருமகள் ஊரில் உள்ள வயதான மர மேஸ்திரியை அழைத்து வந்தாள்.

மேஸ்திரி கதவைப் பார்க்கவில்லை. நேராக வாசக்காலிடம் போனார். விரலால் தட்டினார். ஆணி முனையால் கீழ்ப்பக்கம் குத்திப் பார்த்தார். ஆணி இறங்கவில்லை.

"வாசக்கால் நல்லா இருக்குதம்மா. கரையான் தொடலை. இதை விட்டுடலாம். கதவு மட்டும் மாத்தினா போதும்."

"பழைய கதவை என்ன செய்யறது மேஸ்திரி?"

"அதைத் தூக்கிப் போட்டுடாதே. இரண்டு பலகையும் காய்ஞ்ச மரம். அதையே வைச்சு ஒத்தைக் கதவு பண்ணலாம். பாதி மரம் வாங்கினா போதும்."

மருமகளுக்கு ஆச்சரியம். பழைய இரும்புக்காரர் அந்தக் கதவுக்குச் சொற்பத் தொகைதான் சொல்லியிருந்தார்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை இடிக்கும்போது வரும் கதவு, தூண், நிலை எல்லாம் அங்கே விற்பனைக்கு வருகின்றன. வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். நம் வீட்டுக் கதவு அவ்வளவு வேலைப்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் காய்ந்த மரம் இன்று எளிதில் கிடைக்காது. எடைக்குப் போடும் முன் ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள்.

பல வீடுகளில் கதவையே மாற்ற வேண்டியதில்லை. கீழ்ப்பக்கம் மட்டும் அழுகியிருக்கும். தரை கழுவும் தண்ணீர் பட்டுப் பட்டு அப்படி ஆகும். அழுகிய துண்டை வெட்டிவிட்டுப் புதுச் சட்டம் இணைக்கலாம். பழைய கதவுகள் கீலில் ஆடுவதில்லை. குடுமியில் சுழலும். கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் குடுமி. அது தேய்ந்தால் கதவு கீழே இறங்கித் தரையில் உரசும். குடுமியை வெட்டிவிட்டு மூன்று இரும்புக் கீல் போட்டால் கதவு மறுபடி நிமிரும். செலவு கொஞ்சம்தான்.

அளப்பது எப்படி?

இதுதான் முக்கியமான வேலை. இதை நீங்களே செய்யலாம். ஆசாரியும் அளக்கட்டும். நீங்களும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மனம் நிம்மதி.

டேப்பை எடுத்துப் பாருங்கள். ஓர் ஓரத்தில் அங்குலம். மறு ஓரத்தில் சென்டிமீட்டர். நம் நாட்டில் மீட்டர் அளவுக்கான சட்டம் 1956ல் வந்தது. ஆனாலும் மர வேலையில் அடியும் அங்குலமும் போகவில்லை. இரண்டையும் கலக்காதீர்கள். 74 என்று மட்டும் எழுதினால் போதாது. 74 அங்குலமா, 74 சென்டிமீட்டரா? ஓர் அங்குலம் என்பது இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள்.

ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். எட்டு நூல் ஓர் அங்குலம். ஆசாரிகள் பேசுவது இந்தக் கணக்கில்தான்.

டேப்பின் முனையில் உள்ள கொக்கி சற்று ஆடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆணி அடித்து இறுக்கிவிடாதீர்கள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மாட்டி இழுக்கும்போதும், முட்டி அழுத்தும்போதும் அளவு சரியாக வர அந்த ஆட்டம் வேண்டும்.

வாசக்காலில் கதவு உட்காரும் பள்ளம் ஒன்று இருக்கும். அதைக் காடி என்பார்கள். காடியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை அளக்க வேண்டும். வெளிப்பக்கம் தெரியும் இடைவெளியை அளந்தால் கதவு சின்னதாகப் போய்விடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மேலே, நடுவே, கீழே. பழைய வாசக்கால் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. நடுவில் வளைந்திருக்கும். உயரத்தை இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு. இந்த இரண்டும் சமமாக வந்தால் வாசல் கோணாமல் இருக்கிறது. சமமாக இல்லை என்றால் கோணல்.

மருமகள் அளந்தாள். அளந்ததை மகளின் பழைய நோட்டில் எழுதினாள்.

மேல் அகலம் 29 அங்குலம் 4 நூல்.
நடு அகலம் 29 அங்குலம் 2 நூல்.
கீழ் அகலம் 29 அங்குலம் 4 நூல்.
இடது உயரம் 69 அங்குலம்.
வலது உயரம் 68 அங்குலம் 4 நூல்.

"எதை எடுத்துக்கறது மேஸ்திரி?"

"சின்னதை எடு."

அகலத்தில் சிறியது 29 அங்குலம் 2 நூல். கதவு ஆட இடம் வேண்டும் அல்லவா? இந்தப் பக்கம் 1 நூல், அந்தப் பக்கம் 1 நூல் விட வேண்டும். 2 நூல் போனால் மீதி 29 அங்குலம். உயரத்தில் சிறியது 68 அங்குலம் 4 நூல். மேலே 1 நூல், கீழே 3 நூல் விட வேண்டும். 4 நூல் போனால் மீதி 68 அங்குலம். ஆகவே கதவு 68க்கு 29. இந்த அளவு எந்தக் கடையிலும் ஆயத்தமாக இருக்காது. சொல்லித்தான் செய்ய வேண்டும்.

இடதுக்கும் வலதுக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கிறதே? அந்த இடைவெளியைக் காடி மறைத்துவிடும். வித்தியாசம் அதற்கு மேல் போனால் வேறு வழி. அப்போது பெரிய அளவுக்குக் கதவு செய்து, வாசலில் வைத்துப் பார்த்து, கோணலுக்கு ஏற்றபடி இழைக்க வேண்டும். அட்டையை ஒட்டி வாசலின் உருவத்தை வெட்டிக் கொடுத்தாலும் ஆசாரிக்கு உதவும்.

எண் படிக்கக் கண் சரியாகத் தெரியாதவருக்கு மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு மெல்லிய குச்சிகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டு முனையும் வாசக்காலில் முட்டும் வரை நகர்த்துவார். அந்த நிலையில் இரண்டின் மேலும் ஒரு கோடு. பட்டறைக்குப் போய்க் கோட்டைக் கோட்டோடு சேர்த்தால் வாசலின் அகலம் கையில் இருக்கும். டேப் பிசகினாலும் குச்சி பிசகாது. மருமகள் எழுதியதையும் குச்சியையும் அவர் ஒத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

மரமும் மழையும்

எந்த மரம்? தேக்கு நல்லது. விலை அதிகம். நன்றாகக் காய்ந்த வேம்பு உள் அறைக்குப் போதும். கரையான் அதை அவ்வளவாகத் தொடாது. மாமரம் மலிவு. ஆனால் பூச்சி எளிதில் பிடிக்கும். எந்த மரமானாலும் பச்சையாக வாங்காதீர்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கும்.

செம்மரம் வேண்டவே வேண்டாம். சேஷாசலம் மலையில் வளரும் இந்த மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டுவதும், விற்பதும், எடுத்துச் செல்வதும் குற்றம். 1995 முதல் உலக அளவிலும் இதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இந்த மரத்துக்காகப் பல ஏழைகள் சிறைக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். யாராவது "சிவப்பு மரம், மலிவாகத் தருகிறேன்" என்றால் விலகிப் போங்கள். உங்கள் பழைய கதவு செம்மரமாக இருக்குமோ என்று ஐயம் வந்தால், விற்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மரம் செத்த பிறகும் மூச்சு விடும் என்பார்கள் ஆசாரிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவு மாறாது. மழையில் கதவு இறுகுகிறதே என்று இழைத்துத் தள்ளிவிட்டால், வெயில் காலத்தில் விரல் நுழையும் சந்து விழும். ஆகவே மழையில் பொறுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்த பிறகு பார்த்து, தேவை என்றால் இழைக்கலாம். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக் கூடாது என்பதும் இதனால்தான். அது காடிக்குள் சும்மா நிற்க வேண்டும். விரியவும் சுருங்கவும் இடம் இருந்தால் பலகை வெடிக்காது.

பழைய பெயின்ட்: கவனம்!

பழைய கதவைச் சுரண்டும் முன் இதைப் படியுங்கள். முன்பு பல பெயின்ட்களில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் நஞ்சு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு என்றால் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணுங்கள்.

காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி பறக்கும். அந்தத் தூசி குழந்தையின் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆகவே கதவை வெளியே கொண்டு போங்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள். முகத்தில் நல்ல முகக்கவசம் போடுங்கள். பெயின்ட்டை நெருப்பில் காட்டி உரிக்காதீர்கள். சுரண்டிய தூளை ஈரத்துணியால் துடைத்து மூட்டையாகக் கட்டுங்கள். பழைய கதவை அடுப்பில் எரிப்பதும் கூடாது. பலரும் செய்கிறார்கள். அந்தப் புகையிலும் ஈயம் இருக்கும்.

சீட்டு வாங்குங்கள்

மரத்தை ஆசாரிக்குக் கொடுத்தாலும், கடையில் சொல்லிச் செய்தாலும், ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உயரம், அகலம், தடிமன், எந்த மரம், மொத்தக் கூலி, முன்பணம், கொடுக்கும் நாள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கீல் இடது பக்கமா, வலது பக்கமா? வாசலின் படம் ஒன்றைக் கோணல்மாணலாகவாவது வரைந்து கீலைக் குறித்துவிடுங்கள். வார்த்தையில் வரும் குழப்பம் படத்தில் வராது.

கடையில் ஒட்டுப்பலகைக் கதவு வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது கேளுங்கள். ரசீதில் அளவு எழுதச் சொல்லுங்கள். எழுதிய அளவு வேறு, வந்த கதவு வேறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். ரசீது கையில் இருந்தால் பேசுவது எளிது. நம் கதையின் மகன் கையில் ரசீது இருந்தது. ஆனால் அதில் எழுதிய அளவும் கதவின் அளவும் ஒன்றே. குறை சொல்ல அவனுக்கு இடமில்லை.

நடக்க முடியாதவர் இருந்தால்

வாக்கர் எவ்வளவு அகலம் என்று அளந்து பாருங்கள். பிடித்திருக்கும் கைக்கும் இரண்டு பக்கமும் சற்று இடம் வேண்டும். நம் கதையில் வாக்கர் 24 அங்குலம். ஒற்றைக் கதவு போட்டதும் வாசல் முழுவதும் திறக்கும். வாக்கர் போய்விடும். ஆனால் ஒன்று. கதவு நன்றாகப் பின்னால் மடங்கிச் சுவரோடு நிற்க வேண்டும். பாதியில் நின்றால் கதவின் தடிமனே ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். கதவுக்குப் பின்னால் இருந்த அரிசி டிரம்மை மருமகள் வேறு இடத்துக்கு மாற்றினாள்.

சக்கர நாற்காலி என்றால் இந்த வாசல் போதாது. புதிய கட்டடங்களில் 90 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி, தடையில்லாத வழி வேண்டும் என்கின்றன அரசின் வழிகாட்டு நெறிகள். பழைய வீட்டில் அது எங்கே கிடைக்கும்? நாற்காலியை அளந்து பாருங்கள். மயிரிழையில் இடிக்கிறது என்றால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடலாம். அழகு குறையும். ஆனால் அவர் வெளியே வருவார்.

வாசற்படியும் தடைதான். தெருவாசல் படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். அதைத் தொட வேண்டாம். உள் அறைப் படிக்கு இரண்டு பக்கமும் சரிவாகச் சிமென்ட் பூசலாம். அல்லது சரிவாக இழைத்த பலகை வைக்கலாம்.

குளியலறைக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெளிப்பக்கம் திறக்கட்டும். முதியவர் உள்ளே வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் தள்ளவும் முடியாது. விழுந்தவருக்கு மேலும் அடிபடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்க முடிகிற வகையாக இருப்பது நல்லது.

மாட்டும் நாள்

மேஸ்திரி எட்டாம் நாள் கதவோடு வந்தார். பழைய இரண்டு பலகையின் மரமும், வாங்கிய புது மரமும் சேர்ந்த கதவு. கீழே சிறு ஆப்பு வைத்துக் கதவை வாசலில் நிறுத்தினார். சுற்றிலும் ஒரு நூல் சந்து விடுகிறதா என்று பார்த்தார். இரண்டு இடத்தில் இழைப்புளி ஓட்டினார். பிறகு மூன்று கீல். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே ஒன்று. பழைய வாசக்கால் மரம் இரும்பு போல இறுகியிருந்தது. முதலில் துளை போட்டு, திருகாணியில் சோப்பு தடவி, திருப்புளியால் முடுக்கினார். சுத்தியால் அடிக்கவில்லை. அடித்த திருகாணி பிடிக்காது என்றார். குடுமி இருந்த பழைய குழிகளை மரத்துண்டு வைத்து அடைத்தார்.

கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பெயின்ட் பூசச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அது. ஈரம் ஏறுவதும் அங்கேதான்.

மருமகள் கதவைச் சாத்திப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். பாதியில் விட்டால் அங்கேயே நின்றது. தானாக ஆடவில்லை. வாசக்கால் தூக்காக நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அத்தை, வாங்க" என்றாள்.

அத்தை வாக்கரை நகர்த்தினார். ஓர் அடி. இன்னோர் அடி. வாசலில் நின்று புதுக் கதவைத் தடவினார். அதில் பழைய பலகை எது என்று விரலாலேயே கண்டுபிடித்தார்.

சுவரில் சாய்ந்து நின்ற கடைக் கதவு? பின்கட்டில் ஓர் அறை கட்ட மகன் வெகுநாளாக நினைத்திருந்தான். கொத்தனார் வந்தபோது மருமகள் நோட்டை எடுத்து வந்தாள். அதில் 78 அங்குலம், 30 அங்குலம் என்று எழுதியிருந்தது. காடி அளவைச் சுற்றிலும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மேஸ்திரியைக் கேட்டு, அதையும் எழுதியிருந்தாள்.